இரண்டு விரல் இடைவெளி

இருபத்திரண்டு வருட வேலையில், கண்ணால் பார்க்காத ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. போட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் விடுமுறையில், ஒரு கரடிக்கு எதிராக.

என் வேலையைச் சொன்னால்தான் இந்தக் கதை புரியும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்தில் வேகவைத்து, கிருமி இல்லாமல் மேலே அனுப்பும் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு நாடா ஒட்டியிருக்கும். சரியாக வெந்திருந்தால் அதில் கறுப்புக் கோடு விழும். கோட்டைப் பார்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன். பார்க்காவிட்டால் பெரிய டாக்டரே வந்து தலைகீழாக நின்றாலும் கிடையாது. இந்தக் குணம் வீடு வரைக்கும் என்னோடு வந்துவிட்டது என்பார்கள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பேன், அணைத்த அடுப்பைக் குனிந்து பார்ப்பேன். என் தம்பி எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘இன்ஸ்பெக்டர்’. எனக்குத் தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்க இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. குலுக்கலில் விழ வேண்டும். தம்பி நான்கு வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு ஓய்ந்த பிறகு, ஐந்தாவது வருடம் விழுந்தது. ஐந்து நாள், பதினான்காம் எண் இடம். நானும் என் கணவரும், தம்பியும் அவன் மனைவியும், அவர்களுடைய ஆறு வயது மகளும் கிளம்பினோம். என் கணவர் பஸ் டிரைவர். தம்பி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறான். அவன் மனைவி துணிக்கடைகளுக்கு ஆல்டரேஷன் தைத்துக் கொடுப்பவள். பேசுவது குறைவு. மகளோ அதற்கும் சேர்த்துப் பேசுவாள். அவளுக்கு வாண்டு என்று பெயர்.

பூங்கா அனுப்பிய பதினோரு பக்க விதிகளைப் படித்தவள் நான் ஒருத்திதான். இன்னொருவர் இடத்துக்குள் புகுந்து குறுக்கு வழியில் நடக்கக் கூடாது. குடிதண்ணீர்க் குழாயில் பாத்திரம் கழுவக் கூடாது. கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கித் தீ மூட்டக் கூடாது. மானைப் பார்த்தால் செல்போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் ஓடக் கூடாது. சாப்பாடு, குப்பை, டூத்பேஸ்ட், ஷாம்பு, முகத்துக்குப் பூசும் கிரீம் வரைக்கும், வாசனை உள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. இரும்புப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். அந்தப் பக்கங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடாரக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்.

“அக்கா, மூச்சு விடறதுக்கு எத்தனாவது பக்கம்?” என்றான் தம்பி.

“உனக்கு அனுமதி இல்ல,” என்றேன்.

ஒவ்வொரு இடத்திலும் ஓர் இரும்புப் பெட்டி தரையோடு பதித்திருந்தது. அலமாரி மாதிரி முன்பக்கம் கதவு. கதவில் மேல்பக்கம் தகடு மறைத்த ஒரு குழி. அதற்குள் கையை விட்டு உள்ளே இருக்கும் கொக்கியை மேலே தள்ளினால்தான் திறக்கும். கரடியின் கை உள்ளே போகாத அளவுக்குக் குழியைச் சிறிதாக வைத்திருந்தார்கள். வந்து இறங்கியதும் அந்தப் பகுதியின் வனக்காவலர் அம்மா இதையெல்லாம் காட்டிக் கொடுத்தார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் வெளுத்த சட்டை, தூக்கம் போதாத கண்.

“இங்க ஒரு இளங்கரடி சுத்துது. பொண்ணு. காதுல மஞ்சள் வில்லை மாட்டியிருக்கோம்,” என்றார். “நல்ல குணம்தான். ஆனா நம்ம சாப்பாட்டு வாசனைக்குப் பழகிட்டு வருது. ரெண்டு தடவை யாரோ மேஜை மேல விட்டுட்டுப் போனதைத் தின்னிருக்கு. தயவுசெஞ்சு மூணாவதா நீங்க ஆயிடாதீங்க.”

வாண்டு அப்போதே அதற்கு மஞ்சக்காது என்று பெயர் வைத்துவிட்டாள். அன்று சாயங்காலமே ஓடைக்கு அக்கரையில், புதரில் எதையோ பறித்துத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தோம். நாங்கள் ஐந்து பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். குண்டான பின்பக்கத்தை எங்களுக்குக் காட்டிக்கொண்டு அது தன் பாட்டுக்குத் தின்றது. இவ்வளவு சாவதானமாகச் சாப்பிடும் ஒரு ஜீவனை நான் பார்த்ததில்லை. எங்கள் பிரிவில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான்.

மறுநாள் காலை அருவிக்கு நடக்கப் போவதாக ஏற்பாடு. மத்தியானம் வந்து சாப்பிடுவதற்காக ஒரு பெரிய பாத்திரம் நிறைய உருளைக்கிழங்கும் முட்டையும் வேகவைத்தேன். பாத்திரங்களைக் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோய் வெந்நீரில் கழுவிக் கொண்டுவந்தேன். எல்லாவற்றையும் நானே இரும்புப் பெட்டியில் அடுக்கினேன். வேறு யாரையும் விடவில்லை, அடுக்கத் தெரியாது. அப்போது பதிமூன்றாம் எண் இடத்து மனிதர் எண்ணெய்ச் சட்டியோடு குடிதண்ணீர்க் குழாயை நோக்கிப் போவது கண்ணில் பட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? போய்ப் பிடித்துக்கொண்டேன். அவர் நான்காம் பக்கத்தைப் படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்ளும் வரை விடவில்லை. அதற்குள் வாண்டுவுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது, தம்பி நேரமாகிறது என்று கத்தினான், எல்லோரும் கிளம்பிவிட்டோம்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் பெட்டிக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. பாத்திரம் இருபதடி தள்ளிக் கவிழ்ந்திருந்தது. உருளைக்கிழங்கு ஒன்றுகூட மிச்சமில்லை. ரொட்டி உறைகள் புதரில் மாட்டியிருந்தன. என் கிரீம் டப்பாவைக் கடித்து, பிடிக்காமல் துப்பியிருந்தது. மண்ணில் அகலமான பாதத் தடம். பதிமூன்றாம் எண் மனிதர் அங்கிருந்தே, “மஞ்சள் வில்லை! நான் பார்த்தேன்! நான் சத்தம் போட்டதும் ஓடிடுச்சு!” என்றார். அவர் குரலில் ஒரு திருப்தி இருந்தது. காலையில் நான் கொடுத்த பாடத்துக்கு அவருக்கு அந்த உரிமை உண்டு.

வனக்காவலர் அம்மா பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். கொக்கியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். வேலை செய்தது. கதவில் நகக் கீறல்கள் இருந்தன. எது பழையது, எது புதியது என்று சொல்ல முடியவில்லை. ஒரு படிவத்தை அட்டையில் செருகிக்கொண்டு கேட்டார்.

“கடைசியா பெட்டியை மூடினது யாரு?”

“நான்தான்,” என்றேன்.

“கொக்கி விழுந்ததா?”

“விழுந்தது.”

அவர் உடனே எழுதவில்லை. “அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க. திறந்து கிடந்த பெட்டியிலிருந்து தின்னிருந்தா அது உங்க தப்பு. நாளைக்குக் காலையில நீங்க எல்லாரும் காலி பண்ணணும், மூணு வருஷத்துக்கு இங்க வர முடியாது. கரடியைப் பிடிச்சு, நல்லா மிரட்டி, விட்டுடுவோம். ஆனா மூடின பெட்டியைத் திறக்கக் கத்துக்கிட்ட கரடின்னா விஷயமே வேற. இன்னிக்குப் பெட்டி, நாளைக்குக் கார் கதவு, அப்புறம் கூடாரம். குழந்தைங்க தூங்கற இடம். அதை உயிரோட விட்டு வைக்க முடியாது.”

வாண்டு என் கையைப் பிடித்தாள்.

“அண்ணி,” என்றாள் தம்பி மனைவி மெதுவாக. “நாம கிளம்பும்போது அந்தக் கதவு கொஞ்சம்...”

“நீ சும்மா இரு!” என்றேன். “பெட்டியை அடுக்கினது நான், மூடினது நான். எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமா மூடறதுதான் என் வேலை.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். என் கணவர் எனக்கு ஆதரவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “இவ ஒண்ணை மூடலன்னா உலகத்துல யாருமே எதையும் மூடலன்னு அர்த்தம்ங்க,” என்றார். வனக்காவலர் அம்மா என்னையும் தம்பி மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ‘மூடப்பட்டிருந்தது’ என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். சத்தியமாக, அப்போது நான் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு ஒரு லாரி வந்தது. பின்னால் பெரிய இரும்புக் குழாய் ஒன்றைச் சக்கரம் வைத்து இழுத்து வந்தார்கள். ஒரு பக்கம் கம்பி வலை, மறுபக்கம் மேலிருந்து விழும் கதவு. உள்ளே பழமும் மீனும் வைத்து, ஓடைப் பக்கம் மரங்களுக்கு இடையில் நிறுத்திவிட்டுப் போனார்கள். வாண்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அத்தை, அது பசிச்சுதானே தின்னுச்சு? மஞ்சக்காதை என்ன பண்ணுவாங்க?”

“வேற காட்டுல கொண்டுபோய் விடுவாங்க,” என்றேன். இதைப் பொய் என்று தெரிந்தே சொன்னேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு, கரடி மிச்சம் வைத்த அரிசியைத் தம்பி மனைவி வேகவைத்தாள். சுடச்சுடப் பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைத் தள்ளினாள். என் வாய் தானாகச் சொன்னது:

“உடனே மூடாதே. ரெண்டு விரல் விட்டு வை. ஆவி வெளிய போகட்டும், இல்லன்னா உள்ள எல்லாம் ஈரமாயிடும்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கதவை முழுக்கத் தள்ளி, குழிக்குள் கையை விட்டுக் கொக்கி விழுந்ததைச் சரிபார்த்துவிட்டு எழுந்து போனாள்.

எங்கள் நீராவி இயந்திரம் நின்றதும் முதல் வேலை கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வைப்பதுதான். கால் மணி நேரம் ஆவி போகவிட வேண்டும். உடனே எடுத்தால் பொட்டலம் ஈரமாகும். ஈரப் பொட்டலம் எவ்வளவு வெந்திருந்தாலும் கணக்கில் சேராது. புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, இருபத்திரண்டு வருடம். காலையில் ஆவி பறக்கும் பாத்திரத்தையும் ஈரத் தட்டுகளையும் அந்த இரும்புப் பெட்டியில் வைத்தபோது உள்பக்கம் வியர்த்ததைப் பார்த்தேன். என் கை கதவை இரண்டு விரல் விட்டு நிறுத்தியது. பத்து நிமிடத்தில் வந்து மூடலாம் என்று நினைத்தேன். எண்ணெய்ச் சட்டி கண்ணில் பட்டது. அவ்வளவுதான்.

நான் கூடாரத்துக்குப் பின்னால் போய்க் கல்லில் உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரம் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று சொன்னால் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க மாட்டீர்கள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். கரடிக்கு ஏற்கெனவே இரண்டு தப்பு இருக்கிறது, எப்படியும் ஒரு நாள் இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். தம்பி நான்கு வருடம் காத்திருந்தான், இன்னும் மூன்று நாள் இருக்கிறது, அவன் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்றுகூட, ஏதோ தியாகம் செய்பவள் மாதிரி நினைத்துப் பார்த்தேன். உண்மையில் எனக்கு இருந்தது ஒரே பயம்தான். தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்து, நீ சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பிரிவில் எப்போதாவது ஒரு தடவை, மேலே அனுப்பிய பிறகு ஒரு தொகுதியின் மேல் சந்தேகம் வரும். அப்போது வார்டு வார்டாகப் போன் செய்து திருப்பி வாங்க வேண்டும். எல்லோரும் திட்டுவார்கள். ஆபரேஷன் தள்ளிப்போகும். ஆனாலும் வாங்கியே ஆக வேண்டும். அழுதுகொண்டு நிற்கும் புதுப்பெண்களின் கையில் போனைத் திணித்தவள் நான். எழுந்து அலுவலகத்தை நோக்கி நடந்தேன்.

அலுவலகம் ஒரே அறை. சுவரில் வரைபடம், மூலையில் விறகுக் கட்டுகள். எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். ஒருவருக்குச் செல்போன் சார்ஜ் போட இடம் வேண்டும். ஒருவருக்குப் பக்கத்துக் கூடாரத்தில் குறட்டை தாங்கவில்லை. அதற்கு ஏதாவது விதி இருக்கிறதா என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் நானே பக்கம் எண் சொல்லியிருப்பேன். என் முறை வந்தபோது எனக்குப் பின்னாலும் வரிசை நீண்டிருந்தது.

“பதினாலாம் நம்பர். பெட்டியை நான் மூடல. ரெண்டு விரல் திறந்து வெச்சிருந்தேன். மறந்துட்டேன்,” என்றேன்.

வனக்காவலர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அம்மா, உங்க மனசு புரியுது. குழாய் வண்டியைப் பார்த்ததும் இப்படி வந்து சொல்றவங்க நிறைய பேரு. நான்தான் திறந்து வெச்சேன், நான்தான் ஊட்டிவிட்டேன்னு. பாவம் பார்த்துச் சொல்றாங்க. போன வருஷம் அப்படி ஒருத்தர் சொன்னதை நம்பி ஒரு கரடியை விட்டோம். நாலு நாள்ல அது ஒரு கூடாரத்தைக் கிழிச்சுது. உள்ள இருந்த பொண்ணுக்கு முப்பது தையல்.”

“நான் பாவம் பார்க்கிற ஆள் இல்லீங்க! யாரை வேணா கேளுங்க!”

“மத்தியானம் அவ்வளவு உறுதியா கையெழுத்துப் போட்டீங்களே?”

எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கரடி மாட்டி இருபது நிமிஷம் ஆச்சு,” என்றார் அவர். “காலையில ஆறு மணிக்கு மிருக டாக்டர் ஊசியோட வர்றாரு. நீங்க சொல்றதை மட்டும் வெச்சு நான் நிறுத்த முடியாது. கதவு திறந்திருந்ததைப் பார்த்த வேற யாராவது இருக்காங்களா?”

இருந்தாள். ஒருத்தி இருந்தாள். சொல்ல வந்தவளின் வாயை அடைத்தவள் நான்.

திரும்பிப் போனபோது தம்பி மனைவி வாண்டுவின் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “காலையில நீ என்ன பார்த்தே?” என்றேன்.

“ரெண்டு விரல் இடைவெளி,” என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒண்ணேகால் இஞ்ச். நீங்க வேணும்னுதான் வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன் அண்ணி. நீங்க எதையும் காரணம் இல்லாம செய்ய மாட்டீங்களே. கேட்டா திட்டுவீங்கன்னு கேக்கல.”

“என்னோட வந்து அதை அந்த அம்மாகிட்ட சொல்றியா?”

“சொல்றேன். நீங்க என்னைப் பேச விடலன்னும் சேத்துச் சொல்வேன்.”

“சொல்லு,” என்றேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “எட்டு வருஷமா பேச விடலன்னும் சொல்லட்டுமா?”

நான் அழுதுவிட்டேன். கரடிக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று கேட்காதீர்கள். அவள் என்னைத் தேற்றவில்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டு, “கண்ணைத் துடைங்க. ஏழு மணிக்கு ஆபீஸ் மூடிடுவாங்க,” என்று எழுந்தாள். நாங்கள் வேகமாக நடந்தோம், கடைசியில் ஓடினோம்.

அவள் தான் பார்த்ததைச் சொன்னாள். ஒன்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வனக்காவலர் அம்மா கேட்டார்: “குடும்பத்துல ஒருத்தருக்காக இன்னொருத்தர் பேசறது சகஜம்தான். நீங்க உண்மையைத்தான் சொல்றீங்கன்னு நான் எப்படி நம்பறது?”

“மத்தியானமே சொல்ல ஆரம்பிச்சேன். இவங்க விடல.”

வனக்காவலர் அம்மா நாற்காலியில் சாய்ந்தார். யோசித்தார். “ஆமா,” என்றார் மெல்ல. “கதவு கொஞ்சம்னு ஆரம்பிச்சீங்க. இவங்க ஒரு அதட்டல் போட்டாங்க. அப்போ குழாயும் வரல, கண்ணீரும் வரல.” என் பக்கம் திரும்பினார். “நீங்க அதட்டினது நல்லதாப் போச்சும்மா. இல்லன்னா எனக்கு ஞாபகமே இருந்திருக்காது.”

என் வாழ்நாளில் என் வாய்க்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அவர் போனை எடுத்து டாக்டரிடம் பேசினார். பழைய படிவத்தின் குறுக்கே கோடு போட்டார். புதிய படிவத்தில் நானும் தம்பி மனைவியும் ஒருவர் பெயருக்குக் கீழே ஒருவர் கையெழுத்துப் போட்டோம். பிறகு அவர் இன்னொரு தாளை நீட்டினார்: காலை பத்து மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், மூன்று வருடத்துக்கு அனுமதி இல்லை.

தம்பியிடம் நானே சொன்னேன். “நாலு வருஷம்க்கா,” என்றான் ஒரு தடவை. அதற்கு மேல் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் கணவர்தான் கடைசியில், “விடு மாப்ள, ஆறு வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டு ஒரு உயிரைக் காவு குடுத்துட்டு அருவி பாக்கறதுல என்ன சுகம்?” என்றார். தம்பி தலையை ஆட்டினான். சமாதானமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். படுக்கும்போது, “இன்ஸ்பெக்டரையே சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கடி,” என்று அவன் மனைவியிடம் சொன்னது கேட்டது. அது கேட்டதும்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

விடிந்ததும் வனக்காவலர் அம்மா வந்து கூப்பிட்டார். “வாங்க. பாத்திரம், கரண்டி, என்ன இருக்கோ எடுத்துக்கிட்டு வாங்க. உங்க இடத்துலதான் அது தின்னுச்சு. உங்க குரலைக் கேட்டுப் பயந்து ஓடணும்.”

குழாய் வண்டிக்குப் பின்னால் முப்பதடி தள்ளி ஒரு ஜீப்பில் எங்களை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். ஜன்னல் கண்ணாடியை மட்டும் பாதி இறக்கினார்கள். கம்பி வலை வழியாக அது தெரிந்தது. ராத்திரி முழுக்க உள்ளே இருந்திருக்கிறது. ஒரு மூலையில் சுருண்டு படுத்து, மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டி எங்கள் பக்கம் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. நேற்றைய உருளைக்கிழங்கு வாசனை எங்கள் மேல் இருந்ததோ என்னவோ, அதன் முகத்தில் பயமே இல்லை. எங்களை நம்பியது.

“கதவைத் தூக்கினதும் கத்துங்க. நிறுத்தாதீங்க,” என்றார் வனக்காவலர் அம்மா. அவர் கையில் ரப்பர் குண்டு சுடும் துப்பாக்கி இருந்தது.

“அத்தை, அதை எதுக்குத் திட்டணும்? அதான் தப்பு பண்ணலையே?” என்றாள் வாண்டு.

“அதுக்கு நம்மளைப் பிடிச்சுப்போச்சுன்னா அது செத்துடும் கண்ணு. நம்மளைப் பிடிக்காம போனாத்தான் பிழைக்கும்.”

கதவு தூக்கப்பட்டது. அது இறங்கியது. ஓடவில்லை. இரண்டு எட்டு எடுத்து வைத்து, ஜீப்பைப் பார்த்துத் தலையைச் சாய்த்து நின்றது, ஏதாவது தருவோம் என்று. யாருக்கும் குரல் வரவில்லை. தம்பி கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வாண்டு காதைப் பொத்திக்கொண்டாள்.

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். “போ!” என்று கத்தினேன். “போ சனியனே! இந்தப் பக்கமே வராதே! எங்க மூஞ்சியிலயே முழிக்காதே! போ!” கண்ணீர் வாய்க்குள் ஓடியது. தம்பி மனைவி என் பக்கத்தில் எம்பி நின்று, இத்தனை வருடம் நான் கேட்டிராத ஒரு குரலில், “போடீ!” என்று அலறித் தட்டைக் கதவில் அடித்தாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். துப்பாக்கி வெடித்தது. ரப்பர் குண்டு பின்தொடையில் பட்டு அது துள்ளியது, ஒரு கணம் எங்களைப் பார்த்தது. என்னைத்தான் பார்த்தது என்று இன்றைக்கும் சொல்வேன். பிறகு ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறி, மரங்களுக்குள் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவே இல்லை.

“போதும், நிறுத்துங்க,” என்றார் வனக்காவலர் அம்மா. நான் நிறுத்தவில்லை. தொண்டை கிழிய இன்னும் கொஞ்ச நேரம் திட்டினேன், அதற்குக் கேட்க வேண்டுமே என்று.